பழைய மில்லிங் மிஷினுக்கு சிஎன்சி மாட்டியாச்சு, இனி வரும் கோளாறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பட்டறைகளில் பழைய மில்லிங் மிஷின் ஒன்று ஓரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹெச்எம்டி எஃப்என்2 ஆக இருக்கலாம், பிஎஃப்டபிள்யூ ஆக இருக்கலாம், எங்கோ மூடிய கம்பெனியிலிருந்து ஏலத்தில் வந்ததாக இருக்கலாம். வார்ப்பு கெட்டி. புது விஎம்சி (கம்ப்யூட்டர் சொல்லி ஓடும் மில்லிங் மிஷின்) வாங்கப் பல லட்சம் வேண்டும் என்பதால் அதற்கே பால் ஸ்க்ரூ, மோட்டார், கன்ட்ரோலர் மாட்டி ஓட்டப் பார்க்கிறோம். மாட்டும் வேலையைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். மாட்டி முடித்து, மிஷின் அசைய ஆரம்பித்த பிறகு வரும் தலைவலிகளைப் பற்றியது இது.

உங்கள் கன்ட்ரோலர் லினக்ஸ்சிஎன்சியோ, மாக்3யோ, கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக ஓடும் டிடிசிஎஸ் மாதிரிப் பெட்டியோ, எதுவானாலும் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் இரும்பு, அப்புறம் பெல்ட்டும் கப்ளிங்கும், அப்புறம் வயர், அப்புறம் டிரைவ், எல்லாம் பார்த்து முடித்த பிறகே பாராமீட்டர். பட்டறைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். லேப்டாப் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஜிப்பை (மேசை வழுக்கும் பாதையின் இடைவெளியை இறுக்கும் தகடு) திறக்கக் குனிய வேண்டும். அதனால் எண்ணை மாற்றிவிட்டு ஓட்டுகிறோம். ஆட்டம் (திசை மாறும்போது மேசை உடனே அசையாமல் விடும் தளர்வு) உள்ளேயே இருக்கும். அடுத்த மாதம் தேய்மானம் கூடியதும் வேறு பெயரில் திரும்பி வரும்.

கையில் வேண்டியவை: 0.01 மி.மீ. டயல் (நகர்வை முள்ளால் காட்டும் அளவுமானி), மேக்னட் பேஸ், மல்டிமீட்டர், வெள்ளை பெயின்ட் மார்க்கர், ஒரு நோட்டு. பேனலைத் திறக்கும் முன் மெயினை இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சிங்கிள் ஃபேஸில் ஓடும் விஎஃப்டி (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி) உள்ளே 325 வோல்ட் டிசி தேங்கி நிற்கும். மெயின் போன கையோடு அது போய்விடாது. எமர்ஜென்சி பட்டன் சாஃப்ட்வேருக்கு மட்டும் செய்தி சொல்லும்படி இருந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள், அதை முதலில் மாற்றுங்கள். பட்டனை அடித்தால் ரிலே விழ வேண்டும், டிரைவுக்குப் போகும் பவர் அறுபட வேண்டும்.

"நூறு சொன்னா நூறு போகல"

50, 100, 200 என்று மூன்று தூரம் ஓட்டி, மூன்றின் பிழையையும் எழுதுங்கள். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகி அளக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டமும் கணக்கில் கலந்துவிடும்.

தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால் ஒரு மி.மீ.க்கு எத்தனை பல்ஸ் (மோட்டாரை ஒரு படி நகர்த்தும் மின் துடிப்பு) என்ற கணக்கு தப்பு. சூத்திரம் எளிது: மோட்டார் ஒரு சுற்றுக்கான பல்ஸ், பெருக்கல் புல்லி விகிதம், வகுத்தல் ஸ்க்ரூவின் லீட் (ஸ்க்ரூவின் ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம்). 1600 பல்ஸ், 2க்கு 1 புல்லி, 5 மி.மீ. லீட் என்றால் 640. அளவு சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வந்தால் டிரைவரின் டிப் சுவிட்சைப் பாருங்கள். பல டிரைவர்கள் அந்தச் சுவிட்சை பவர் ஏறும்போது மட்டும்தான் படிக்கும். மாற்றிய பிறகு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

100 சொன்னால் 101.6 போகிறதா? அப்படியானால் பழைய ஸ்க்ரூவையே வைத்திருக்கிறீர்கள், அது இன்ச் ஸ்க்ரூ. ஒரு இன்ச்சுக்கு 5 மரை, அதாவது 5.08 மி.மீ. லீட். 5 என்று போட்டிருப்பீர்கள். இங்கிலாந்து, அமெரிக்க மிஷின்களில் இது சகஜம்.

அளந்து பார்த்து 640ஐ 638.7 ஆக்கும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. புல்லியின் பல்லும் ஸ்க்ரூவின் லீட்டும் மாறாத எண்கள். கணக்கும் அளவும் முட்டினால் கணக்கைத் திருத்தாதீர்கள், அளந்த விதத்தையும் இரும்பையும் சந்தேகப்படுங்கள். சந்தையில் கிடைக்கும் உருட்டி எடுத்த சி7 பால் ஸ்க்ரூவுக்கு 300 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. பிழை அனுமதி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த அளவுப் பிழைக்கு ஸ்க்ரூ காம்பென்சேஷன் அட்டவணைதான் வழி.

மூன்று தூரத்திலும் ஒரே பிழை, திசை மாற்றினால் மட்டும் வருகிறது என்றால் அது ஆட்டம். அதைத் தேடிப் பிடிக்கும் வழி இரண்டு தலைப்பு தள்ளி இருக்கிறது.

"வட்டம் வட்டமா வரல"

ஆத்தங்குடிக் கல்லுக்கு அச்சு வெட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால் இந்தக் கோளாறு ஒளிய இடம் இருக்காது. ஒரு கல்லில் கால் வட்டம், நான்கு கல் சேர்ந்தால் முழு வட்டம். கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் சிமென்ட் ஊற்றி எடுக்கும் கல்லில் அச்சின் கோணல் அப்படியே பதியும். தனிக் கல்லில் தெரியாத பிசகு, கூடத்தில் வரிசையாகப் பதித்ததும் ஒவ்வொரு சந்திப்பிலும் கண்ணில் குத்தும்.

ஒரு அலுமினியத் துண்டில் 60 மி.மீ. வட்டம் வெட்டுங்கள். கட்டர் புதிதாக இருக்கட்டும், கடைசி வெட்டு 0.2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெட்டியதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மணி இடங்களில் சின்னப் படி அல்லது தட்டை தெரிந்தால் அது ஆட்டம். அந்த நான்கு இடத்தில்தான் ஏதோ ஒரு அச்சு நின்று திசை திரும்புகிறது. மோட்டார் திரும்பிவிட்டது, மேசை இன்னும் திரும்பவில்லை.

எக்ஸ் திசையில் நீளமாகவோ ஒய் திசையில் நீளமாகவோ இருந்தால் ஒரு அச்சின் பல்ஸ் கணக்கு தப்பு. முந்தைய தலைப்புக்குப் போங்கள்.

கோணத்தில், அதாவது 45 டிகிரி சாய்வில் முட்டையாக வந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இல்லை; பழைய மிஷினில் மேசைக்குக் கீழே இருக்கும் சாடிலின் ஜிப் தளர்ந்து சாடிலே திருகிக்கொள்வதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். இன்னொன்று, சர்வோ (தன் இடத்தைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் மோட்டார்) மாட்டியிருந்தால் இரண்டு அச்சின் கெயின் (அந்தத் திருத்தத்தின் வீரியம்) ஒத்துப்போகவில்லை. எது என்று பிரிக்க அதே வட்டத்தை எதிர்த்திசையில் ஓட்டுங்கள். சாய்வு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவினால் சர்வோ. தாவாமல் அதே இடத்தில் நின்றால் இரும்பு.

வட்டம் சரி, ஆனால் சதுரத்தின் மூலை மழுங்குகிறது என்றால் மிஷின்மேல் குற்றமில்லை. லினக்ஸ்சிஎன்சியில் வெறும் ஜி64 போட்டால் வேகம் குறையாமல் இருக்க மூலையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொண்டு போகலாம் என்று நீங்களே அனுமதி தந்ததாக அர்த்தம். ஜி64 பி0.01 என்று எல்லை போடுங்கள். மூலை கண்டிப்பாக வேண்டும் என்றால் ஜி61.

"பால் ஸ்க்ரூ போட்டும் ஆட்டம் போகல"

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதல் இடம். காசு செலவழித்து பால் ஸ்க்ரூ போட்டாயிற்று, டயல் இன்னும் 0.10 காட்டுகிறது, நட்டைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். நட்டுக்கு முன்னால் ஆட்டம் ஒளிந்துகொள்ள இன்னும் நான்கு இடம் இருக்கிறது.

மோட்டார்களை பவரில் வைத்து, மேசையை அசையாமல் பிடிக்க விடுங்கள். டயலின் பேஸ் சாடில்மேல், முனை மேசையின் முகப்பில். மேசையைக் கையால் தள்ளி, விட்டு, இழுத்து, விட்டுப் பாருங்கள். முள் எங்கிருந்து எங்கு போய் நிற்கிறது என்பதை எழுதுங்கள். மொத்த ஆட்டம் இதுதான். இனி ஒவ்வொரு மூட்டாக எடுத்து, அந்த மொத்தத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கழிக்க வேண்டும்.

முதலில் ஸ்க்ரூ. மோட்டார் இல்லாத முனையில் சென்டர் துளை இருக்கும். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவி 6 மி.மீ. எஃகு குண்டு ஒன்றை ஒட்ட வையுங்கள். டயலுக்குத் தட்டை முனை மாட்டி அந்தக் குண்டின்மேல் தொட விடுங்கள். பேஸ், ஸ்க்ரூவைத் தாங்கும் பேரிங் பிளாக் எந்த வார்ப்பில் இருக்கிறதோ அதே வார்ப்பில். எக்ஸ் அச்சில் அது மேசையின் முனை. இப்போது தள்ளி இழுங்கள். குண்டு நகர்ந்தால் ஸ்க்ரூ தன் பேரிங்குக்குள் நீளவாக்கில் மிதக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஆங்குலர் கான்டாக்ட் ஜோடி போட வேண்டிய இடத்தில் கைக்குக் கிடைத்த 6204 போன்ற சாதா பேரிங் இருக்கும், அல்லது ஜோடி சரியாக இருந்தும் லாக்நட் இறுகாமல் இருக்கும். ஜோடியை முதுகோடு முதுகு வைத்து, லாக்நட்டை இறுக்கி, கையால் சுற்றும்போது லேசான இறுக்கம் தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

குண்டு அசையவில்லையா, அடுத்தது பேரிங் பிளாக். டயல் முனையை பிளாக்கின் முகத்தில் வையுங்கள். 10 மி.மீ. பிளேட்டில் பிளாக்கைத் தொங்கவிட்டு மாட்டியிருந்தால் பிளேட்டே வளைந்து 0.03, 0.04 காட்டும். பிளேட்டை மாற்றுங்கள், அல்லது பின்னால் ஒரு முட்டுக் கொடுத்து வெல்ட் வையுங்கள். வெல்டுக்குப் பிறகு முகத்தைத் திரும்ப மில்லிங் பிடிக்காமல் மாட்டாதீர்கள்.

மூன்றாவது, நட் பிராக்கெட். பழைய நட் இருந்த குழிக்குள் புதுசை உட்கார வைக்க வார்ப்பை அரைத்துக் குடைந்திருப்போம். பிராக்கெட் இரண்டு போல்ட்டில் நிற்கும். டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் முளை) இல்லாத பிராக்கெட் நகராமல் இருக்காது.

நான்காவது, சுற்றுவாக்கில் வரும் ஆட்டம். மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங் அல்லது புல்லி, ஸ்க்ரூ மூன்றின்மேலும் குறுக்காக பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடு இழுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் கிரப் ஸ்க்ரூ நழுவுகிறது. 5 மி.மீ. லீட்டில் 0.05 மி.மீ. என்பது 3.6 டிகிரி, கண்ணுக்கே தெரியும். வழவழப்பான ஷாஃப்ட்டில் கிரப் ஸ்க்ரூவை நம்ப வேண்டாம், கிளாம்ப் வகைக் கப்ளிங்கோ சாவியோ போடுங்கள்.

இத்தனையும் கழித்து மிச்சம் இருப்பதுதான் நட்டின் பங்கு. முன்னிறுக்கம் வேண்டுமென்றால் இரட்டை நட் போடலாம், அல்லது சற்றே பெரிய குண்டுகள் போட்டு ஒற்றை நட்டையே இறுக்கலாம். இரண்டாவதைத் தூசியில்லாத இடத்தில் பொறுமையான கை செய்ய வேண்டும்.

பழைய ஆக்மி ஸ்க்ரூவையே (குண்டு இல்லாத சாதா மரை ஸ்க்ரூ) வைத்திருப்பவர்கள் மேசையின் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் ஆட்டத்தைத் தனித்தனியாக அளக்க வேண்டும். வருஷக்கணக்கில் வைஸ் நடுவில் இருந்தது, வேலை நடுவில் நடந்தது, ஸ்க்ரூவும் நடுவில்தான் தேய்ந்திருக்கும். நடுவுக்கு ஏற்ப நட்டை இறுக்கினால் ஓரத்தில் மேசை பிடித்துக்கொள்ளும். இடத்துக்கு இடம் மாறும் ஆட்டத்தை ஒரே ஒரு காம்பென்சேஷன் எண்ணால் சரிசெய்ய முடியாது.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 0.02, 0.03 மிச்சத்துக்கு மென்பொருள் காம்பென்சேஷன் போடுவதில் தப்பில்லை. அதற்கு மேல் போட்டால், ட்ரில் போடும் இடம் சரியாக வரும், மில்லிங்கில் மானம் போகும். கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும்போது இடைவெளி இருக்கும் அளவுக்கு மேசை பாயத்தான் செய்யும். கிளைம்ப் மில்லிங்கில் (கட்டரின் பல் போகும் திசையிலேயே ஜாப்பும் நகரும் வெட்டு) கட்டர் உடைவது இதனால்தான். லினக்ஸ்சிஎன்சியில் காம்பென்சேஷன் போட்டதும் ஜாயின்ட் ஃபாலோயிங் எரர் (அச்சு சொன்ன இடத்தைவிடப் பின்தங்குகிறது என்ற பிழை) வர ஆரம்பித்தால் ஸ்டெப்ஜென் மேக்ஸ் ஆக்செல் எண்ணை, அச்சின் மேக்ஸ் ஆக்சலரேஷனைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை வையுங்கள். ஆட்டத்தை நிரப்பும் அந்தக் கூடுதல் துடிப்புகளுக்கு இடம் வேண்டும்.

"ஓட ஓட ஜாப் ஒரு பக்கமா நகருது"

காலையில் எடுத்த பூஜ்ஜியத்துக்கு மாலையில் திரும்பிப் போனால் அரை மி.மீ. தள்ளி நிற்கிறது. வெட்டாமல் சோதிக்கலாம். ஸ்பிண்டிலை அணைத்து, ஒரு அச்சை மட்டும் 1 மி.மீ. முன்னும் பின்னும் 500 தடவை ஓட விடுங்கள், டயலை வைத்து. முதலில் மெதுவாக, அடுத்து வேகமாக, அடுத்து ஸ்பிண்டிலை ஓடவிட்டு, கடைசியாக உண்மையான வெட்டில்.

மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் ஒரே அளவு நகர்ந்தால் திசை சிக்னலின் நேரம் தப்பு. டிரைவருக்கு முதலில் திசை போக வேண்டும், குறைந்தது 5 மைக்ரோசெகண்ட் கழித்து பல்ஸ் போக வேண்டும். ஸ்டெப்பர் (ஒரு பல்ஸுக்கு ஒரு படி நகரும் மோட்டார்) டிரைவர்களின் கையேட்டில் இந்த எண் இருக்கும். நேரம் போதாவிட்டால், அல்லது பல்ஸின் எந்த விளிம்பை எண்ண வேண்டும் என்பது தலைகீழாக இருந்தால், திசை மாறும்போது ஒரு துடிப்பு தவறான பக்கம் விழும். ஒரு தடவை போய்வர ஒரே ஒரு துடிப்பு போனாலும் 640 கணக்கில் 500 தடவைக்கு 0.78 மி.மீ. ஆகிறது. பாக்கெட் அதிகமுள்ள வேலையில் நிறையவும் நேர்க்கோட்டு வேலையில் குறைவாகவும் நகர்வது இதன் அடையாளம். லினக்ஸ்சிஎன்சியில் டிர்-செட்டப், டிர்-ஹோல்டு எண்களை நானோசெகண்டில் கேட்கும். 5000 போதாது என்று தோன்றினால் 20000 வைத்து ஓட்டுங்கள். மாக்3யில் ஸ்டெப் லோ ஆக்டிவ் டிக்கை மாற்றிப் போட்டு அதே 500 தடவையை ஓட்டுங்கள்.

வேகத்தில் மட்டும் நகர்ந்தால் மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை: ஆக்சலரேஷனைப் பாதியாக்குங்கள், நின்றால் காரணம் உறுதி. இசட் அச்சு எப்போதும் கீழ்ப்பக்கமாகவே நகர்கிறதென்றால் மேலே தூக்கும்போதுதான் படி தவறுகிறது. மோட்டாரைப் பெரிதாக்குவதற்கு முன் எடையைத் தாங்க கேஸ் ஸ்பிரிங்கோ எதிர் எடையோ கொடுங்கள்.

ஸ்பிண்டில் ஓடினால் மட்டும் என்றால் இரைச்சல், கீழே வருகிறது. வெட்டும்போது மட்டும் என்றால் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்.

"வேகமா போனா மோட்டார் கத்திட்டு நின்னுடுது"

ஸ்டெப்பரின் குணம் அது. வேகம் ஏற ஏற விசை இறங்கும். நீமா 34 மோட்டாரின் பெட்டியில் 12 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருப்பது நின்றுகொண்டிருக்கும்போது பிடிக்கும் விசை. 48 வோல்ட் சப்ளையில் கத்தும் மோட்டார் 70 வோல்ட்டில் பேசாமல் ஓடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கத்தி, அதைத் தாண்டினால் சரியாகிறதென்றால் அதிர்வு ஒத்திசைவு. மைக்ரோஸ்டெப்பைக் கூட்டுங்கள், அந்த வேகத்தை ஆக்சலரேஷனில் சீக்கிரம் கடந்து போகச் செய்யுங்கள். கைப்பிடிச் சக்கரத்தைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதுவும் சேர்ந்து சுழன்று தொல்லை தரும். கழற்றிவிடுங்கள், கைக்கும் அதுதான் நல்லது.

"ராத்திரி ஷிஃப்ட்ல மட்டும் டிரைவர் சிவப்பு லைட் போடுது"

இதைக் கேட்டதும் ஊரில் பேய்க்கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். விஷயம் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. 230க்கு 50 வோல்ட் ஏசி தரும் டொராய்டல் போட்டு, பிரிட்ஜ், கெப்பாசிட்டர் வழியாக டிசி எடுத்தால் ஏறக்குறைய 70 வோல்ட். ராத்திரியில் லோடு குறைந்து லைன் 255க்கு ஏறினால் அதே டிரான்ஸ்ஃபார்மர் 78க்குப் பக்கத்தில் தரும். டிரைவரின் எல்லை 80. கனமான மேசை சட்டென்று நிற்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மேலும் சில வோல்ட்டைத் திருப்பி ஊட்டும். டிரைவர் ஓவர் வோல்டேஜ் என்று கை தூக்கிவிடும். பகலில் அளந்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள், இரவு பதினொரு மணிக்கு அளங்கள். 45 வோல்ட் டாப்பிங் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால், லைன் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ்.

"ஸ்பிண்டில் போட்டதும் லிமிட் சுவிட்ச் அடிக்குது"

யாரும் சுவிட்சைத் தொடவில்லை, மேசை நடுவில் நிற்கிறது, ஆனால் விஎஃப்டி ஓடத் தொடங்கியதும் திரையில் லிமிட் என்று வருகிறது.

"எர்த் குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்கண்ணே, சரியாப் போயிடும்" என்பது நம் பக்கத்து வைத்தியம். நம்முடையது செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த தரை. சித்திரை, வைகாசியில் குழி காய்ந்து எர்த் ரெசிஸ்டன்ஸ் எகிறும் என்பது உண்மை. ஆள் உயிருக்காக அதைக் கரியும் உப்பும் போட்டு ஈரமாக வைத்து, எர்த் டெஸ்டரில் 5 ஓம்ஸுக்குள் கொண்டுவரத்தான் வேண்டும். ஆனால் விஎஃப்டியின் இரைச்சல் அந்தக் குழிக்குப் போவதில்லை. அது விஎஃப்டியிலிருந்து கிளம்பி, மோட்டார் கேபிள் வழியே மோட்டார் பாடிக்குப் போய், எந்த வழி சுலபமோ அந்த வழியில் விஎஃப்டிக்கே திரும்பும். சுலப வழியை நீங்கள் போட்டுத் தராவிட்டால் லிமிட் வயர் வழியாகத் திரும்பும்.

அதனால் செய்ய வேண்டியது பேனலுக்குள். மோட்டாருக்கு நாலு கோர் ஷீல்டு கேபிள். ஷீல்டின் இரண்டு முனையும் எர்த்தில், ஒன்று விஎஃப்டியின் எர்த் ஸ்க்ரூவில், மற்றது மோட்டார் பாடியில். சிக்னல் கேபிளின் ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். எல்லா எர்த் வயரும் ஒரே தாமிரப் பட்டையில் வந்து சேரட்டும், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவ வேண்டாம். பெயின்டுக்கு மேல் ஸ்க்ரூ போட்டு எர்த் என்று நினைக்காதீர்கள், பெயின்டைச் சுரண்டுங்கள். விஎஃப்டி கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது, குறுக்கே வந்தால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும்.

லிமிட் சுவிட்ச் 5 வோல்ட்டில் ஓடினால் 24க்கு மாற்றுங்கள், நார்மலி குளோஸ்டாகப் போடுங்கள். வயர் அறுந்தாலும் மிஷின் நிற்கும் என்பது கூடுதல் லாபம். டிசி ரிலேயின் காயிலுக்கு ஒரு 1என்4007 டயோடைத் தலைகீழாகக் கட்டுங்கள். ஏசி கான்டாக்டர் காயிலுக்கு 100 ஓம்ஸும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்த ஸ்னப்பர். கூலன்ட் பம்ப் போடும்போது மட்டும் பிழை வருபவர்களுக்கு அந்த ஸ்னப்பர்தான் மருந்து.

மென்பொருளில் டிபவுன்ஸ் (மிகக் குறுகிய சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விடும் நேரம்) கூட்டுவது கடைசி. அதுவும் சில மில்லிசெகண்டுக்கு மேல் போனால் ஹோமிங் (மிஷின் தன் தொடக்க இடத்தைச் சுவிட்சை வைத்துக் கண்டுபிடிப்பது) துல்லியம் கெடும்.

"ஹோம் பண்ணா ஒவ்வொரு தடவையும் ஒரு இடம்"

இண்டக்டிவ் சென்சார் முகத்தில் இரும்புச் சீவல் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சுவிட்சை இரண்டாவது தடவை அணுகும் வேகம் அதிகம்; நிமிடத்துக்கு 50 மி.மீ.க்குக் கீழே இறக்குங்கள். எப்போதும் சரியாக ஒரு சுற்று, அதாவது 5 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. தாவுகிறதென்றால் சர்வோவின் இண்டெக்ஸ் பல்ஸுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது. நாயை அரைச் சுற்று தள்ளி வையுங்கள் (சுவிட்சை மிதிக்கும் துண்டைத்தான் சொல்கிறேன்).

"ஸ்பிண்டிலுக்குத் தெம்பே இல்ல"

சிங்கிள் ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் தரும் விஎஃப்டி 230 வோல்ட்டுக்கு மேல் தராது. பழைய மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட், ஸ்டார் என்று இருக்கும். 3 ஹெச்பி வரை பெரும்பாலும் அப்படித்தான். 415 கேட்கும் மோட்டாருக்கு 230 கொடுத்தால் முறுக்கு விசை மூன்றில் ஒரு பங்காக விழும். காலியாக ஓடும், கட்டர் பட்டதும் மூச்சு முட்டி நிற்கும். டெல்டாவாக மாற்றினால் அதே மோட்டார் 240 வோல்ட்டுக்குச் சரியாகும். பெட்டிக்குள் மூன்று வயர்தான் வெளியே வந்திருந்தால் ரீவைண்டிங் கடையில் ஸ்டார் முடிச்சை அவிழ்த்து ஆறு வயராக எடுத்துத் தரச் சொல்லுங்கள். 415 டெல்டா என்று போட்டிருந்தால் அதற்கு 415 வோல்ட் விஎஃப்டியும் மூன்று ஃபேஸ் லைனும் வேண்டும், வேறு வழியில்லை.

பழைய ஸ்டார்ட்டரை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அது விழுந்து எழுந்தால் விஎஃப்டி போய்விடும்.

வேகம் குறைக்கும்போது ஓவர் வோல்டேஜ் டிரிப்: டிசெல் நேரத்தைக் கூட்டுங்கள், பிரேக் ரெசிஸ்டர் போடலாம். வேகம் ஏற்றும்போது அண்டர் வோல்டேஜ்: பக்கத்து வயல் மோட்டார்கள் போட்ட நேரமா என்று பாருங்கள்.

"ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கு"

விஎஃப்டிக்குள் இருக்கும் ஃபில்டர், தன் வேலையாகவே கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்கு விடும். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபிக்கு (மின்கசிவைக் கண்டால் லைனை அறுக்கும் சுவிட்ச்) அது கசிவாகத் தெரியும். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் விழாது. அந்த யோசனையைச் சொல்பவரை பட்டறைக்குள் விடாதீர்கள். வீட்டு லைனோடு சேர்க்காமல் மிஷினுக்குத் தனி லைன் எடுத்து, விஎஃப்டிக்கு ஏற்ற வகையும் அளவும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத் தனி ஆர்சிசிபி போடுங்கள்.

"மதியம் அளவு மாறுது"

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாதம், மூன்று மணி. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் நீளும்; 300 மி.மீ. ஸ்க்ரூ 10 டிகிரி ஏறினால் 0.035 மி.மீ. அரிசி மில் புல்லிக்குக் கவலையில்லை, டை செட்டுக்குக் கவலை. ஸ்டெப்பர் சும்மா நிற்கும்போதும் முழு கரண்ட் எடுத்துச் சூடாக்கும். டிரைவரின் ஹாஃப் கரண்ட் டிப் சுவிட்சைப் போடுங்கள். காலையில் வெட்டத் தொடங்கும் முன் அரை மணி நேரம் காலியாக ஓட்டிச் சூடு சமமாக விடுங்கள். பேனல் ஃபேனுக்கு வடிகட்டி போட்டு வாரம் ஒருமுறை தட்டுங்கள். வடிகட்டி அடைத்த பேனல், ஃபேனே இல்லாததைவிட மோசம்.

"மெதுவா போனா மேசை விட்டு விட்டுப் போகுது"

மேசை ஒட்டி, விட்டு, குதிக்கிறது. என்ஜின் ஆயிலை ஊற்றியிருப்பார்கள். விஜி 68 ஸ்லைடுவே ஆயிலுக்கு மாற்றுங்கள், எண்ணெய்க் குழாய் ஒவ்வொன்றிலும் எண்ணெய் வருகிறதா என்று கழற்றிப் பாருங்கள். பழைய கிரீஸ் கட்டி அடைத்திருக்கும். அப்புறம் ஜிப். மோட்டாரைக் கழற்றி, ஸ்க்ரூவைக் கையால் சுற்றிக்கொண்டே ஜிப்பை இறுக்குங்கள். கனம் கூடத் தொடங்கும் இடத்திலிருந்து கால் திருப்பு பின்னால் வாருங்கள்.

"கரண்ட் போய் வந்தா இசட் இறங்கி நிக்குது"

பழைய ஆக்மி ஸ்க்ரூ எடையைத் தானே பிடித்துக்கொண்டது, பால் ஸ்க்ரூ பிடிக்காது. மோட்டாருக்கு பவர் போன நொடியில், மேசையைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதி முழு எடையோடு கீழே வரும். குவில் (ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குழல்) என்றால் கட்டர் ஜாப்பில் குத்தும், கை நடுவில் இருந்தால் கை. இங்கே இருக்கும் ஒரே சரியான வழி 24 வோல்ட் பிரேக் உள்ள மோட்டார்: கரண்ட் இருந்தால் பிரேக் விடும், கரண்ட் போனால் பிடிக்கும். அதன் ரிலேயை டிரைவரின் பிரேக் அவுட்புட் வழியாகவும் எமர்ஜென்சி பட்டன் வழியாகவும் வரிசையாகப் போடுங்கள், எது போனாலும் பிரேக் விழட்டும். பிரேக் காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோட் போட்டால் பிரேக் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும். இங்கு மட்டும் வேரிஸ்டர் போடுங்கள். போட்டு முடித்ததும் மேசையை மேலே ஏற்றி, அடியில் சற்று இடைவெளி விட்டு ஒரு கட்டையை வைத்து, டயலை மாட்டி மெயின் சுவிட்சை இறக்குங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஓடினால் பிரேக் சிறியது, அல்லது ரிலே தாமதம். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை, கட்டையோடு, செய்யுங்கள்.